தாம்பரத்துக் காற்றுக்கு ஒரு வீடு

தாம்பரம் காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்குச் சானடோரியம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து, 1928ல் அதே வைத்தியத்தை இங்கே தொடங்கினார். அன்று காசநோய்க்கு மாத்திரை கிடையாது. திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் மருந்து. பட்டணத்துக்குத் தெற்கே குன்றும் காடுமாகக் கிடந்த இந்த இடம் அதற்குத் தோதாக இருந்தது. மின்சார ரயிலில் அந்த நிறுத்தத்தின் பெயர் இன்றைக்கும் ‘தாம்பரம் சானடோரியம்’தான். 1937ல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுவிட்டுச் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிவந்தது. அந்த வளாகத்துக்குள் அனுமதி வாங்கி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவருக்கு வெளியே வேளச்சேரி ரோட்டில் தகிக்கிற வெயில் உள்ளே மரநிழலில் எப்படித் தணிந்துபோகிறது என்று.

அந்த ஊரில் இன்று ஃப்ளாட் வாங்குகிறவர்கள் இன்டீரியர் வேலை என்று தொடங்கினால் முதலில் அடைபடுவது காற்றுதான். பால்கனிக்குக் கண்ணாடி, மேலே ஃபால்ஸ் சீலிங், ஜன்னல் இருக்கிற சுவரில் பாதியை விழுங்கும் வார்ட்ரோப், சமையலறை டக்ட்டை மறைக்க ஒரு பலகை. நாலு, ஐந்து லட்சம் செலவழித்து முடித்த பிறகு பகலிலேயே விளக்கும் ஏசியும் போட்டால்தான் கூடத்தில் உட்கார முடியும்.

என் தங்கைக்கு முடிச்சூர் ரோட்டை ஒட்டி முதல் மாடியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் கைக்கு வந்திருந்தது. அவளும் மாப்பிள்ளையும் முன்பு பாலித் தீவுக்குப் போய் வந்தவர்கள். அங்கே தங்கிய விடுதி அவள் மனத்தில் அப்படியே இருந்தது. போனில் அந்த அறையின் படங்களைக் காட்டினாள். “அண்ணா, இதப் பாரேன். எங்க ஹாலும் இப்படி வேணும்னு சொல்லியிருக்கேன்.” படத்தில் உயரமான புல்கூரை, மரத்தூண்கள், இரண்டு பக்கம் சுவரே இல்லாமல் தோட்டத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் அறை. இன்டீரியர் செய்து தருகிறவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பிய படத்தையும் காட்டினாள். மரக்கோடு போட்ட மைக்கா, பிரம்புக்கூடை மாதிரி ஒரு தொங்கு விளக்கு, பிளாஸ்டிக் கொடி, இத்தனையும் தாழ்வாக இறக்கிய சீலிங்குக்குக் கீழே.

பாலியும் சென்னையைப்போலப் புழுங்கும் ஊர். அந்த அறையில் அவளுக்குப் பிடித்தது மரத்தின் நிறமாக இருக்க முடியாது. உடம்பில் பட்ட காற்றும், கூரையின் உயரமும், கால் பட்ட தரையின் குளிர்ச்சியும்தான் அவளை அங்கே மயக்கியிருக்கும். போன் நிறத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. மற்றதைப் பிடிக்க அதனால் ஆகாது. பயணத்தில் பார்த்த அழகு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால், அது அங்கே எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த வேலையைக் கொண்டுவர வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அவளிடம் வாதாடுவதைவிட ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து கிளம்பித் தாம்பரத்துக்கே திரும்பும் ஒரு சுற்றுப் போய்வருவது நல்லது என்று பட்டது. வெள்ளிக்கிழமை என்று சொன்னதற்குப் பல்லாவரம் காரணம்.

பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடும் சந்தை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடப்பது. காய்கறி, செடி, புறா, மீன் தொட்டி, கருவாடு, பழைய சைக்கிள், யார் வீட்டிலிருந்தோ கழன்று வந்த கதவுப்பிடி, கிராமபோன் குழாய் எல்லாம் அங்கே தரையில் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். தங்கை பீங்கான் ஜாடிகளிடம் நின்றுவிட்டாள். நானும் மாப்பிள்ளையும் பழைய மரச்சாமான் விற்கும் பெரியவரிடம் போனோம். அவர் கடையில் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்த கதவுகளோடு ஒரு சமையலறை அலமாரி நின்றது. ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் பாலையும் குழம்பையும் வைத்த அலமாரி. பூனை நுழையாது, காற்று நுழையும்.

இந்தக் கடலோரக் காற்றின் ஈரத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்த அலமாரி ஒரு பாடப்புத்தகம். ஐப்பசி, கார்த்திகையில் நம் வார்ட்ரோப்புகளைத் திறந்தால் வரும் வாடை எல்லோருக்கும் தெரியும். பட்டுப்புடவையில் புள்ளி, தோல் செருப்பில் பூஞ்சை. நாலு பக்கமும் மைக்கா ஒட்டி இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் ஈரம் போய் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. கதவில் கொஞ்சம் சட்டப்பலகையோ, பிரம்புப் பின்னலோ, மேலும் கீழும் நாலு துளையோ இருந்தால் போதும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். “பதினஞ்சு வெள்ளத்துக்கப்புறம் இங்க வந்து குவிஞ்சதப் பாத்திருக்கணும் சார். தேக்குக் கட்டில் காஞ்சு எந்திரிச்சு நின்னுச்சு. இந்தத் தூள்பலகை இருக்கே, அது ரொட்டி மாதிரி ஊதிப்போச்சு. எடைக்குக்கூட எவனும் எடுக்கல.”

2015 டிசம்பர் முதல் தேதியும் அதை ஒட்டிய இரவும் தாம்பரத்தில் ஒரே நாள் கணக்கில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. தரைத்தளங்களில் இருந்தவர்கள் படகில் வெளியேறினார்கள். அந்த நினைவு இருக்கிற ஊரில், தரையிலிருந்து எழும்பும் எந்தப் பெட்டியையும் பார்ட்டிகிள் போர்டிலோ எம்.டி.எஃப்.இலோ செய்வது கூடாது. முதல் மாடிக்கு வெள்ளம் வராது என்றாலும் சிங்குக்குக் கீழே குழாய் ஒழுகும். அதற்கும் அந்தப் பலகை தாங்காது. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ். 303 முத்திரையிலேயே ஈரம் கொஞ்சம் தாங்கும் வகை, கொதிநீர் தாங்கும் வகை என்று பிரிவு உண்டு. எஸ்டிமேட்டில் ‘பிளை’ என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். மைக்காவை ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது.

தங்கை ஜாடியோடு வந்தாள். அலமாரியை மாப்பிள்ளை பேரம் பேசிவிட்டு, விலை ஒத்துவராமல் மனமில்லாமல் நகர்ந்தார்.

சந்தையை விட்டுக் கிளம்பும்போது திரிசூலம் மலைப் பக்கம் பார்த்தேன். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பல்லாவரம் பகுதியிலிருந்து போனது. 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். அண்ணாந்தால் தெரியும் குன்றின் கல் உலகப் புவியியல் புத்தகங்களில் பேரோடு இருக்கிறது. இந்த ஊர் ஃப்ளாட்டுகளின் தரையிலோ இத்தாலிய மார்பிள் மாதிரி அச்சடித்த டைல்.

ரேடியல் ரோட்டில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை அறுத்துக்கொண்டு போனோம். 2022ல் ராம்சார் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். இரண்டு பக்கமும் நாணலும் நீரும். தூரத்தில் குப்பை மேடு. அதை மறைத்து எழும்பும் அடுக்குமாடி விளம்பரங்களில் எல்லாம் சிரிக்கும் குடும்பம் ஒன்று, முழுக்கக் கண்ணாடி மூடிய கூடத்தில். துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்ததும் காற்றில் உப்பு வந்துவிட்டது.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். 1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த இளம் கலைஞர்களும் சேர்ந்து உண்டாக்கிய இடம் அது. ஓவியம் விற்று வாழ முடியாத காலம். பாத்திக் துணி, தோல்வேலை என்று வீட்டுக்கு வேண்டிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். வீட்டை அழகாக்கும் பொருளுக்குச் சனங்கள் கொடுத்த பணம் ஒரு கலை இயக்கத்துக்கு மண்ணைக் கொடுத்திருக்கிறது. எஸ்டிமேட்டில் ‘வால் ஆர்ட்’ என்று ஒரு வரி இருந்ததே, அந்தப் பணத்துக்கு இங்கே ஒரு கலைஞர் கையெழுத்திட்ட சின்ன அச்சோவியம் வாங்கலாமே என்றேன். தங்கை அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். நாங்கள் போனதே இதற்குத்தான். அந்த நேரத்தில் போனதும் நல்லதாயிற்று. வீடு தன்னை நிரூபிக்க வேண்டிய நேரம் அதுதானே.

அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டு மருமகளான டெபோரா தியாகராஜன் 1984ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். அதன் வழியாக 1996 டிசம்பரில் தட்சிணசித்ரா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பத்து ஏக்கர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஊர்களில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண் தூணாகச் சட்டம் சட்டமாகப் பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்தே இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். வளாகத்தின் தொடக்கத் திட்டம் லாரி பேக்கருடையது. பிறகு பென்னி குரியகோஸ் பொறுப்பேற்றார். பூசாத செங்கல்லும், செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கிய சல்லடைச் சுவரும் பேக்கரின் கையெழுத்து. அந்தச் சல்லடை வழியே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசாது, காற்றும் தடைபடாது. ஃப்ளாட்டில் துணி உலர்த்தும் இடத்துக்கு அலுமினியச் சட்டமும் கருப்புக் கண்ணாடியும் போடுகிறவர்கள் சுட்டமண் ஜாலிக்கல்லால் ஒரு தடுப்பு வைத்துப் பார்க்கலாம்.

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டில் மாப்பிள்ளை அதிக நேரம் நின்றார். அவர் சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். இன்டீரியர் படத்தில் அவருடைய மேசை படுக்கையறை மூலையில், வார்ட்ரோப் பக்கவாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. நெசவாளர் வீட்டில் தொழிலுக்குத்தான் முதல் மரியாதை. நூலின் நிறம் தெரிய வேண்டும், இழை அறுந்தால் கண்ணில் பட வேண்டும். வெளிச்சம் வரும் இடம் தறிக்கு, மற்றதெல்லாம் அதைச் சுற்றி. “அப்போ மச்சான், கூடத்து ஜன்னல் பக்கம் டிவி எதுக்கு? அங்க என் டேபிளப் போடலாமே” என்றார். தெலங்கானாவின் நல்கொண்டா இக்கத் நெசவாளர் வீட்டிலும் வேலையும் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே இடித்துக்கொள்ளாமல் இருந்திருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பெருந்தொற்றுக்காலக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்கள் இந்த வீடுகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, திருநெல்வேலிப் பக்கத்து அக்கிரகார வீடு. எங்கள் சுற்றின் நடுப்புள்ளி இதுதான் என்பேன். அக்கிரகார வீடு தெருவைப் பார்த்து ஒடுக்கமாக நின்று, பின்னால் கொல்லைவரை நீண்டு போகும். இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. “நம்ம ஃப்ளாட்டும் இதேதான” என்றாள் தங்கை. அதேதான். கட்டியவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? தெருக்கதவு, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லைக்கதவு எல்லாவற்றையும் ஒரு நேர்க்கோட்டில் வைத்தார்கள். தெருவில் நின்றால் கொல்லை வெளிச்சம் தெரியும். கண் போகிற வழியில் காற்றும் போகும். நடுவில் வானம் பார்க்க முற்றம். உள்ளே சூடான காற்று அதன் வழியே மேலேறி வெளியேற, தாழ்வாரத்தில் இருக்கிற குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

சென்னைக் கட்டுநர்கள் ஃப்ளாட் வரைபடத்தில் ஓ.டி.எஸ். என்று ஒரு சின்னச் சதுரத்தைக் குறிப்பார்கள். வானம் பார்த்த பொந்து. குளியலறைக்கும் சமையலறைக்கும் காற்று தருவதற்கென்று விதிப்படி விடுவது. முற்றம் குறுகிக் குறுகி அந்த அளவுக்கு வந்து நிற்கிறது. அதைத்தான் வீட்டுக்காரர்கள் பலகை போட்டு மூடிப் பரணாக்குகிறார்கள், ஏசியின் வெளிப்பெட்டிகளைத் தொங்கவிட்டுச் சூடேற்றுகிறார்கள். தங்கை வீட்டுப் படத்திலும் சமையலறையின் ஓ.டி.எஸ். ஜன்னலுக்கு முன்னால் உயரமான ஒரு ‘டால் யூனிட்’ வரையப்பட்டிருந்தது. அவள் போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். “இது வேண்டாம்” என்று அவளே சொன்னாள்.

அந்த வீட்டில் இன்னொன்றையும் கவனித்தோம். ஜன்னல்கள் தாழ்வாக இருக்கின்றன. பாயில் உட்கார்ந்தவர், படுத்தவர் மேல் காற்றுப் படுவதற்காக வைத்த உயரம் அது. நம் ஃப்ளாட்டில் ஜன்னல் அடிவிளிம்பு மூன்றடியில் இருக்கும். சோபாவில் ஒன்றரை அடியில் உட்காருகிறோம். காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. ஜன்னலை இறக்க முடியாது. ஆனால் நம்மை உயர்த்திக்கொள்ளலாம். ஜன்னலை ஒட்டி ஒரு திண்ணை, கிரில் பலமாக இருந்தால். உள்ளே சாமான் வைக்கவும் ஆகும், மேலே கோரைப்பாயோ பவானி ஜமக்காளமோ விரித்தால் மாலைக்காற்றில் படிக்கவும் ஆகும்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் கால் வைத்ததும் தங்கை செருப்பைக் கழற்றிய காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தாள். வெயிலில் நடந்து வந்த காலுக்கு அந்தக் குளிர்ச்சி சொல்லித் தெரிவதில்லை. பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து இழைத்த சுவர், கண்ணாடிபோல மின்னும் அந்தப் பூச்சு. செட்டிநாட்டின் பேர்சொல்லும் தரை ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் அதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் பூ வடிவ உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை வைத்து அழுத்துவார்கள். பிறகு நீரில் ஊறல். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. இறுகிய பின் கண்ணாடியிலிருந்து கல் விடுபடும்போது அந்த வழவழப்பு அதற்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க இன்னும் ஏறும்.

ஆனால் வீடு முழுக்க அதைப் பதிக்கச் சொல்ல மாட்டேன். புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் அதற்கு ஆகாது. ஏற்கெனவே டைல் ஒட்டிய தரைமேல் பதித்தால் தரை உயர்ந்து கதவெல்லாம் அறுக்க வேண்டும், கட்டடத்துக்கும் கனம். பூசை இடத்துக்கும் திண்ணைக்கு முன்னாலும் சில சதுர அடி போட்டால், தினமும் வெறுங்காலில் நிற்கும் இடத்தில் அது இருக்கும். மற்ற இடங்களில் மேட் டைலே போதும். சிவப்பு ஆக்சைடுத் தரை தரைத்தளத் தனி வீட்டுக்கு மிக நல்லது. ஆனால் இழைத்துத் தேய்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது தூண், கதவு, ஜன்னல், சாமி படம் எல்லாம் தனித்தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து பெருநகர வீடுகளுக்கு வருகின்றன. பத்தடி உயர ஃப்ளாட்டில் அலங்கார விளக்குக்குக் கீழே எதையும் தாங்காமல் நிற்கும் தேக்குத்தூணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தத் தூணுக்காகவே இன்னொரு வீடு சீக்கிரம் இடிபடும். தட்சிணசித்ரா செய்தது வேறு: வீட்டை வீடாகவே காப்பாற்றியது. இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு முற்றத்தோடு ஒரு வீடு கட்டினார். நகரத்து மனைகள் சுருங்கிவந்த காலத்தில் பழைய முற்றவீட்டைப் புதிதாக யோசித்த வீடு அது. அந்த நிலம் கைமாறியபோது, 2009ல் அதைக் கல் கல்லாகப் பிரித்து எண் போட்டு எடுத்துச் சென்று, பாவாவின் லுனுகங்கா தோட்டத்தில் மீண்டும் எழுப்பினார்கள். தங்கைக்கு ஒரு பழந்தூண் மேல் கண் இருந்தது. இதைச் சொன்ன பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேரள வீடுகளில் நெற்களஞ்சியத்தின் மரவேலையை வேகமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். அவை பெருமழைக்குக் கட்டியவை. தாழ இறங்கும் ஓட்டுக்கூரையைத் தவிர ஃப்ளாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. ஆந்திரக் கடலோர வட்டக் குடிசை அப்படி இல்லை. புயல் அடிக்கும் கரையில் காற்று மோத மூலையே இல்லாமல் வட்டமாகக் கட்டி, கூரையைக் கிட்டத்தட்டத் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கிவிட்ட வீடு. காற்றுக்கு வழிவிடுவதும் வீட்டின் வேலை, காற்றை விலக்குவதும் வீட்டின் வேலை. எது எப்போது என்று தெரிந்தவர்கள் கட்டியது.

வெளியே வரும்போது கடற்காற்று நன்றாக எழுந்திருந்தது. சென்னைக் கோடையில் அது நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். ஆகவே எந்த ஃப்ளாட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த திறப்புகளை. அங்கே வார்ட்ரோப் வரக்கூடாது. அந்தக் காற்று உள்ளே வந்து எந்தத் திறப்பு வழியாக வெளியேறும் என்பது அடுத்த கேள்வி. இதே சாலையில் தெற்கே போனால் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இருக்கிறது. செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா கூடவே இருந்து 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய கட்டடம். வெளிச்சுவருக்குப் பதிலாக நீள நெடுகத் திருப்பி மூடக்கூடிய தட்டிகள். அறைகளுக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே நகரும் மரக்கதவுகள். ஏசி இல்லாமல் இந்தக் கரையின் கோடையைக் கடக்கும் கட்டடத்துக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

கோவளம், கேளம்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர் வழியாகத் திரும்பினோம். வழியெல்லாம் புதிய அடுக்குமாடிகள். ஒவ்வொன்றிலும் பால்கனிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தாள் தங்கை: எத்தனை திறந்தவை, எத்தனை கண்ணாடி மூடியவை என்று.

பூட்டிய ஃப்ளாட்டைத் திறந்து மூன்று பேரும் வெறும் தரையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஊதுவத்தி ஏற்றி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து புகை போகும் திசையைப் பார்த்தார். பெரிய படுக்கையறையின் கிழக்கு ஜன்னலும் கூடத்து வாசலும் திறந்திருந்தால் புகை நேராகச் சமையலறைக்குப் போய் ஓ.டி.எஸ். வழியாக வெளியேறியது. அந்தப் பாதையில் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவானது. ஃபால்ஸ் சீலிங் போயிற்று; பத்தடி உயரத்தில் ஓரடியைக் கழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. வார்ட்ரோப் மேற்குச் சுவருக்குப் போனது; வெயில் விழும் சுவரை அது மறைத்தால் அறைக்கும் நல்லது, கதவுகளுக்குப் பிரம்புப் பின்னல். சமையல்மேடைக்குக் கீழே பெட்டிகளுக்குப் பதில் கடப்பாக்கல் தட்டுகள். நம் அம்மாக்கள் காலத்து வேலை அது; ஊறாது, கறையான் ஏறாது; முன்பக்கத்துக்கு மட்டும் மரைன் பிளைக் கதவு. கருப்புப் பளபளப்பு மைக்காவும் குளியலறைக் கண்ணாடித் தடுப்பும் நீங்கின. இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு இரண்டு வாரத்தில் அவற்றைத் திட்டுத்திட்டாக்கிவிடும். ஜன்னல் திண்ணை வரும். பால்கனி திறந்தே இருக்கும், கொசுவுக்கு வலை. சுவருக்குச் சோழமண்டலத்தில் பார்த்த அச்சோவியம் ஒன்று வேண்டும் என்று தங்கையே சொன்னாள்.

எஸ்டிமேட் திரும்ப வந்தபோது தொகை வெகுவாகக் குறைந்திருந்தது. மிச்சத்தில் நல்ல மின்விசிறிகள் வாங்கினார்கள்.

தென்சென்னைப் புறநகரில் வீட்டுச்சாவி கைக்கு வந்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்டீரியர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாளை முட்டுக்காட்டுக்கு ஒதுக்குங்கள். அளவு டேப்பும் ஃப்ளாட்டின் வரைபடமும் கையோடு இருக்கட்டும். நடுப்பகலில் போய், ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடமாவது உட்காருங்கள். எங்கே காற்று வருகிறது, ஜன்னல் என்ன உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று வரைபடத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தட்சிணசித்ராவுக்கு விடுமுறை.